ஏழாவது கணக்கில் தூரம் இல்லை

வில்கமுவவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மாத்தளைக்குப் புறப்பட்ட மக்கீன், பதினொரு வருஷமும் ஐந்து மாதமும் ஆகியும் வீடு வந்து சேரவில்லை. விபத்து நடக்கவில்லை, வழி தவறவில்லை, பைக் ஒரு நாளும் பழுதாகி நிற்கவும் இல்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அவர் வந்துகொண்டே இருந்தார். செவ்வாயும் சனியும் பிற்பகல் மூன்று பத்துக்கு ரிவஸ்டன் மலை வளைவில் நின்றால் அவரைப் பார்க்கலாம். கறுப்பு ஹெல்மெட், முழங்கை வரை மடித்த சாம்பல் நிறச் சட்டை, பின் கரியரில் கட்டிய தயிர்ச் சட்டி. ரத்தோட்டைக் கடைத்தெருவைக் கடந்து, மாத்தளைப் பக்கம் இறங்கும் முதல் வளைவில் திரும்புவார். அடுத்த தடவை அவரைக் காண்பவர்கள் மலைக்கு அந்தப் பக்கம், ஹெட்டிப்பொல வயல்களுக்கு நடுவே காண்பார்கள். அப்போதும் அவர் முகம் மாத்தளையைப் பார்த்தபடிதான் இருக்கும்.

அவருடைய மனைவி கைறுன்னிஸா மாத்தளை கொங்காவெலையில், வீட்டு ஹோலில் உட்கார ஆறு வாங்குகள் போட்டு, ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் நடத்தினாள். வேகம், நேரம், தூரம் என்றாலே பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் அவள் கணக்குகளில் தெரிந்த ஆட்களையே ஓடவிடுவாள். பேக்கரிக்காரர் ஓட்டோவில் உக்குவளைக்குப் போவார், எல்கடுவத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் இராஜகுமாரி லயத்திலிருந்து மலைக்கு நடப்பாள், மக்கீன் வாராவாரம் பைக்கில் வில்கமுவவுக்குப் போய் வருவார். மக்கீன் உண்மையிலேயே அப்படித்தான் போய் வந்தார். கௌப்பிப் பயறும் சோளமும் மொத்தமாகப் பேசி லொறியில் ஏற்றிவிடுவது அவர் தொழில். திங்கள் போனால் புதன் வருவார். கணக்கில் வருகிறவர்களுக்குப் பசி இல்லை, பனி மூட்டம் இல்லை, வழியில் பிளேன்ரீ குடிக்க நிற்கிற பழக்கமும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அவள் முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவாள். "சீரான வேகம்னு போட்டா சீரான வேகந்தான். கணக்கு முடியும் வரைக்கும் எறங்க ஏலாது."

அந்த ஏப்ரல் விடுமுறையில், ஒரு திங்கள் காலை, மக்கீன் வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். மூன்று மாதமாக மனதுக்குள் அதை எழுதி எழுதி அழித்திருந்தாள். கேட்ட பிறகு அது மிகவும் சின்னதாக இருந்தது. "வில்கமுவயில யாரு இருக்கா?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நாடாவை முடிந்து, மற்றதையும் முடிந்து எழுந்தார். "வந்து சொல்றேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அது அவளை இன்னும் பயப்படுத்தியது. கோபப்பட்டிருந்தால் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாதிரி வினாத்தாள் ஒன்றை அவள் தயாரித்தாள். பத்துக் கணக்குகள். ஏழாவது இப்படி இருந்தது: மக்கீன் காலை 6.00 மணிக்கு வில்கமுவவிலிருந்து மாத்தளை நோக்கி, மணிக்கு 30 கி.மீ. என்னும் சீரான வேகத்தில் மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறார். அவர் எத்தனை மணிக்கு வீட்டை அடைவார்? எழுதி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, கடையில் முப்பது போட்டோக் கொப்பி எடுத்தாள். தூரத்தை எழுதவில்லை என்பது அவள் கண்ணில் படவில்லை. படவில்லை என்றுதான் அவள் பின்னால் எல்லோருக்கும் சொன்னாள். தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது அவ்வளவு உறுதி வரவில்லை.

புதன் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் எழுத உட்கார்ந்தார்கள். அந்த நேரம் மக்கீன் மலையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். எட்டு பத்துக்கு முன் வாங்கிலிருந்த றிஸ்லா கை தூக்கினாள். "டீச்சர், ஏழாவதுல தூரம் இல்லையே." பின் வாங்கிலிருந்து அஜந்தன், "தூரம் இல்லாட்டி அவர் வந்தே சேர மாட்டார், டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. எழுபத்தைந்து என்றோ எண்பது என்றோ ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது வருஷத்தில் அவள் தாளில் ஒரு பிழை வந்ததில்லை. காது இரண்டும் சூடாகின. பிழையான கேள்விக்கு எல்லா ஆசிரியர்களும் செய்வதையே அவளும் செய்தாள். "ஏழாவத வெட்டிருங்க. எல்லாருக்கும் அஞ்சு மார்க்ஸ்." முப்பது பிள்ளைகளும் அடிமட்டம் வைத்துக் கணக்கைக் குறுக்கே வெட்டினார்கள். ஒரு பிள்ளையும் அதற்கு விடை காணவில்லை. அப்போது மணி எட்டு பன்னிரண்டு.

முதல் இரண்டு நாள் மக்கீன் போனுக்குப் பதில் சொன்னார். காற்றுச் சத்தத்துக்கு மேலாக, "வந்துட்டு இருக்கேன், கிட்ட வந்துட்டேன்" என்பார். மூன்றாம் நாள் பற்றரி இறங்கிவிட்டது. அவருடைய தம்பி இன்னொரு பைக்கில் போய்ப் பக்கத்திலேயே ஓடி, பிரேக்கை அமுக்கச் சொன்னான். மக்கீன் அமுக்கிக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண வீட்டில் கறி சிந்திய மனிதனைப் போல வெட்கத்தோடு சிரித்தார். ஒரு தடவை வழியில் கயிறு கட்டிப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது, வேகம் குறையவில்லை. அதன் பிறகு பாதையோரத்து மக்கள் அவரை அவர் பாட்டில் விட்டார்கள். முதல் வருஷம் சிலர் பிளேன்ரீயைப் பொலித்தீன் பையில் கட்டி நீட்டினார்கள். பசியில்லை என்று கையசைத்துவிட்டுப் போனார். அவருக்கு அது இன்னும் அந்தப் புதன்கிழமைக் காலைதான்.

காலம் மற்றவர்களுக்கு ஓடியது. லக்கலப் பக்கம் அணை கட்டி, பழைய பல்லேகம ஊர் நீருக்குள் போனது. பாதையை மேட்டில் புதிதாகப் போட்டார்கள். மக்கீன் பழைய பாதையிலேயே நீருக்குள் இறங்கி, மறு பக்கம் நனையாமல் ஏறி வந்ததை மீன் பிடிப்பவர்கள் கண்டார்கள். ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு வந்த மாதங்களில் இரண்டு சிப்பாய்கள் அவரோடு கூட ஓடி, சட்டியைத் திறந்து பார்த்தார்கள். தயிர்தான். புளிக்கக்கூட இல்லை. கொரோனா ஊரடங்கில் தடுப்பு மரத்தை அவருக்காக மட்டும் தூக்கிவிட்டார்கள். பெற்றோல் வரிசை இரண்டு நாள் நீண்ட வருஷத்தில்தான் மக்கள் அவர் மேல் கொஞ்சம் எரிச்சல்பட்டார்கள். அந்த மனிதனுக்கு மட்டும் எங்கிருந்து பெற்றோல் கிடைக்கிறது என்று ரத்தோட்டையில் ஒரு வாரம் பேச்சு. பிறகு அதுவும் ஓய்ந்தது.

கைறுன்னிஸா வகுப்பு நடத்தினாள். முதல் மாதமே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வினாத்தாளின் மூலப் பிரதியை எடுத்து, பஸ் கொண்டக்டர் சொன்ன எழுபதைப் பென்சிலால் எழுதிப் பார்த்தாள். அடுத்த நாள் லொறிக்காரர் சொன்ன எண்பத்தொன்று. அதற்கடுத்து, கடைக்காரர் சொன்ன எழுபத்தெட்டு. ஒன்றும் நடக்கவில்லை, ஒவ்வொன்றையும் அழித்தாள். மூன்று எண்களோடு நிறுத்திக்கொண்டு தாளை அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே வைத்தாள். பாதை நீருக்குள் போன பிறகு, சரியான தூரமும் நீருக்குள் போய்விட்டது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தத் தூரத்தை அன்றைக்கே ஓடிப் பார்த்த ஒரு மனிதர் வாரம் இரண்டு தடவை ரிவஸ்டனில் இருந்தார். அவரிடம் கேட்க முப்பது கிலோமீட்டர் போனால் போதும். பதினொரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடப் போகவில்லை. கேட்டவர்களிடம் வகுப்பு இருக்கிறது என்றாள். உண்மையில், வந்துகொண்டிருக்கும் மனிதர் மீது அவளுக்கு ஒரு பாதுகாப்பான அன்பு வளர்ந்திருந்தது. வந்து சேர்ந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சில காலைகளில் தேநீர் ஊற்றும்போது, வீடு அமைதியாக இருப்பதை நினைத்து நிம்மதி வரும். அந்த நிம்மதியைத் தொட்டுக்கொண்டே ஒரு கூச்சமும் வரும்.

மகள் அம்றாவுக்கு இருபத்திரண்டு வயதானபோது அக்குறணையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஷிஹாம், கண்ணாடிக் கடையில் வேலை, பேச்சுக் குறைந்த பையன். எல்லாம் பேசி முடிந்து, திகதியும் வைத்த பிறகு, கலியாணப் பதிவாளர் புஹாரி லெப்பை பேனையை மூடி வைத்தார். நிக்காஹ் செய்து கொடுக்கத் தகப்பன் வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் சிறிய தந்தை கொடுக்கலாம். "ஆனா தகப்பன் இருக்காரே, தங்கச்சி. போன செவ்வாக்கெழம நானே கண்டேன். சலாம் சொன்னேன், வடிவா பதில் சொன்னார். உசிரோட வந்துட்டு இருக்கிற மனுசன விட்டுப்போட்டு இன்னொருத்தர் கையப் புடிக்கச் சொல்ல எனக்கு ஏலாது." அம்றா அறைக்குள்ளிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "உம்மா, அவர் வரல்லாட்டி நாம போவம். ஒரு நாளாச்சும் போவம்." அந்தக் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. பதினொரு வயதில் வாசலில் பார்த்து நின்ற பிள்ளை இவ்வளவு காலம் ஒன்றும் கேட்காமல் இருந்தது எதனால் என்று கைறுன்னிஸா அப்போதுதான் யோசித்தாள். தாய் மறைத்ததைத் தெரிந்துகொண்டு, பிள்ளையும் மறைத்து வைத்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் அவள் கணக்குப் போட்டாள். நிக்காஹ் வாசகம் சொல்லி, ஏற்று, கையெழுத்து வைக்க மூன்று நிமிடம். மணிக்கு முப்பதில் மூன்று நிமிடம் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர். வேன் ஒன்று பைக்குக்குப் பக்கத்தில் ஓடக்கூடிய அகலமான துண்டு, ரிவஸ்டனிலிருந்து இறங்கும் வழியில் இரண்டு கிலோமீட்டருக்கு இருந்தது. மாத்தளையிலிருந்து ஏறி வரும் பஸ் அந்த இடத்துக்கு வர மூன்று பதினான்கு ஆகும். மிச்சம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைத் தாளின் ஓரத்தில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

சனிக்கிழமை மதியம், ஓடாவியாக மர வேலை பார்த்து வேன் வாங்கிய அழகர்சாமி அவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். ஷிஹாமும் லெப்பையும் இரண்டு சாட்சிகளும் இடது பக்கக் கதவோரம், அம்றாவும் உம்மாவும் பின் சீட்டில். "முப்பதுலயே வெச்சிருக்கணும், அழகர்சாமி அண்ண. கூடவும் ஏலாது, கொறையவும் ஏலாது" என்றாள் கைறுன்னிஸா. "டீச்சர், இந்த வேன் இருபத்தஞ்சுல இருமும், நாப்பதுலதான் மூச்சு விடும். முப்பதுல அது என்னா செய்யும்னு எனக்கே தெரியாது. பாப்போம்." அவர் டாஷ்போர்டிலிருந்த பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டார். லெப்பை தொண்டையைச் செருமினார். "நீங்க ஒங்க பக்கம் கேளுங்க, நான் எங்க பக்கம் கேக்கிறேன்" என்று சொல்லிப் பதிவுப் புத்தகத்தை மடியில் இறுக்கிக்கொண்டார்.

மூன்று பத்துக்கு மூட்டத்துக்குள்ளிருந்து பைக் வந்தது. கைறுன்னிஸா எதிர்பார்த்ததை விட அவர் சின்னவராக இருந்தார். அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது, அவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான். தனக்கு ஐம்பது. அழகர்சாமி வேனை அவர் வலது பக்கத்துக்குக் கொண்டுபோய், முள்ளை முப்பதில் நிறுத்தினார். கதவு திறந்திருந்தது. வேனும் பைக்கும் ஒரே வேகத்தில் போனதால் இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே அசையவில்லை. மலையும் புல்லும் மட்டும் பின்னால் போயின. லெப்பை நிலைமையை உரத்துச் சொன்னார். மக்கீன் அம்றாவைத் தேடிப் பார்த்தார். கண்டதும் வாயை மூடிக்கொண்டார். முகத்தில் ஏதோ இறங்கியது, ஆனால் பைக் ஆடவில்லை. "வலது கைய நீட்டுங்க, மக்கீன் காக்கா" என்றார் லெப்பை. வலது கையில்தான் அக்ஸிலேட்டர் இருந்தது. மக்கீன் ஒரு கணம் யோசித்து, அதை விட்டுவிட்டார். வேகம் குறையவில்லை. ஷிஹாம் கதவிலிருந்து உடம்பை வெளியே சாய்த்து அந்தக் கையைப் பிடித்தான். ஒரு சாட்சி அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

என் மகள் அம்றாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று மக்கீன் காற்றுக்கு மேலாகச் சொன்னார். ஏற்றுக்கொண்டேன் என்றான் ஷிஹாம். பேச்சுக் குறைந்தவனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. லெப்பை புத்தகத்தை நீட்ட, மக்கீன் மேசையில் வைத்தாற்போல் அமைதியாக அதில் கையெழுத்து வைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கொம்பாஸ் பெட்டியை எடுத்தார். ஹெட்டிப்பொலவில் வாங்கியது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு. மணப்பெண் அதை மருதாணிக் கையால் வாங்கி, மூடியைத் திறந்து, பாகைமானியும் மூலைமட்டமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். "இருக்கு வாப்பா" என்றாள்.

மிச்சமிருந்த ஒரு நிமிடத்துக்குக் கைறுன்னிஸா கதவோரம் வந்தாள். "கண்ணாடி எப்ப போட்ட?" என்றார் அவர். "அஞ்சு வருஷமாச்சு." "திங்கக்கெழம போடல்லியே." அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்தாள். "தூரத்த நான்தான் எழுதல்ல" என்றாள். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "அப்ப பிள்ளைகளுக்கு மார்க்ஸ்?" "எல்லாருக்கும் அஞ்சு குடுத்தேன்." "அது நல்லது." இருபது வினாடி இருந்தது. பதினொரு வருஷத்துக் கேள்வி அவள் வாயில் இருந்தது, கேட்டால் அவர் பதில் சொல்லியிருப்பார். ஆனால் அவள் கண் கரியருக்குப் போனது. தயிர்ச் சட்டியின் வாயை ஒரு துணித் துண்டால் கட்டியிருந்தது. நீலப் பூப்போட்ட பழைய சட்டைத் துணி, கிழிந்த ஓரத்தை யாரோ கையால் மடித்துத் தைத்திருந்தார்கள். முடிச்சை அவிழ்க்கிறவருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று நினைத்து, ஒரு சின்னக் கண்ணி விட்டுக் கட்டியிருந்தது. கடைக்காரர் எவரும் அப்படிக் கட்டுவதில்லை. "போகேக்க மீட்டர் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "எழுபத்தாறு. எதுக்கு?" "ஒரு கணக்குக்கு." பஸ்ஸின் ஹோர்ன் கீழே கேட்டது. அழகர்சாமி வேகத்தைக் குறைத்தார். பைக் முப்பதிலேயே முன்னால் போய், வளைவில் திரும்பியது.

கல்யாணச் சாப்பாடு முடிந்து அம்றா அக்குறணைக்குப் போனாள். கொம்பாஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் கைறுன்னிஸா எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். கேள்வியின் பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவளைப் பயமுறுத்த மிச்சம் இருந்தது அதை ஒரு மனிதரின் வாயால் கேட்பது மட்டும்தான். அவர் வராமலே இருந்தால் வேறு எதையும் இழக்க வேண்டியதில்லை என்று நினைத்துப் பார்த்தாள். அவர் அந்தக் கையை ஹாண்டிலிலிருந்து விட்ட பிறகும் வேகம் குறையாதது அவளுக்கு ஞாபகம் வந்தபடி இருந்தது. ஒரு மனிதரால் தன் பைக்கை நிறுத்த முடியவில்லை, அதை நிறுத்துகிற கணக்கு அவளுடைய அலுமாரிக்குள் இருக்கிறது.

புதன்கிழமை சுபஹு தொழுதுவிட்டு அவள் சேலைகளுக்குக் கீழிருந்து தாளை எடுத்தாள். ஏழாவது கணக்கில், மாத்தளை நோக்கி என்பதற்குப் பிறகு, 76 கி.மீ. தூரத்தை என்று பேனையால் சேர்த்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலவே ஒரு படியும் விடாமல் செய்தாள். நேரம் சமன் தூரம் பிரித்தல் வேகம். எழுபத்தாறை முப்பதால் பிரிக்க இரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடம். விடை, முற்பகல் 8.32. கீழே இரண்டு கோடு போட்டாள். சரி போட்டு, ஐந்து புள்ளி கொடுத்தாள்.

எட்டு முப்பத்திரண்டுக்குப் பைக் சந்துக்குள் வந்து வாசலில் நின்றது. அந்த எஞ்சின் ஓய்கிற சத்தத்தைப் பதினொரு வருஷமாக ஒருவரும் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்கி மணிக்கூட்டைப் பார்த்தார். "முப்பதுல வந்தா இந்நேரந்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மக்கீன் சப்பாத்தைக் கழற்றினார். சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, துணியின் கண்ணியை இழுத்து அவிழ்த்து, அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மடிக்கும்போது அவர் கை மெதுவாகியதை அவள் பார்த்தாள். அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, எதிரே தானும் உட்கார்ந்தாள். "வந்து சொல்றேன்னு சொன்னனே" என்றார். "சொல்லுங்க" என்றாள்.

நெல் ஆலைக்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு பெண், மூன்று வருஷம். சொல்லி முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. பிறகு இருவரும் தயிரில் கித்துள் வெல்லப்பாணி விட்டுச் சாப்பிட்டார்கள். தயிர் புளிக்கவில்லை. அது நல்ல தயிர் என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. அவர் அன்றே பின் அறைக்குப் பாயைக் கொண்டுபோனார், மறுவாரம் முதல் மாத்தளைச் சந்தையிலேயே வியாபாரம் பார்த்தார். டியூஷன் பிள்ளைகளுக்கு அவர் கணக்கில் வருகிற ஆள் என்று தெரியும், அதனால் எழுந்து சலாம் சொல்வார்கள்.

வில்கமுவவிலிருந்து சோளம் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் சில நாள் கழித்துச் சொன்னார். அங்கே ஆலைக்குப் பின் வீட்டில், பதினொரு வருஷமாக ஒரு பெண் வாசலில் நின்று, பாதையின் முனையில் ஒரு பைக் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்திருந்தாளாம். தினமும் அது போகும், கண்ணை விட்டு மறையாது. போன புதன்கிழமை காலை அது மறைந்ததாம். அவள் மணிக்கூட்டைப் பார்க்க உள்ளே போனாள், எட்டு முப்பத்திரண்டு. திரும்பி வந்து, வாசற் கதவைச் சாத்தினாள்.